கருப்பைவாய்த் தளர்ச்சியும் தாய்மார்மேற் பழியும்

உலகில் ஒரு துன்பம் நேர்ந்தவிடத்து, அஃது எதனால் நேர்ந்தது என்று ஆராய்வோர் சிலர். யாரால் நேர்ந்தது என்று தேடுவோர் பலர். முன்னைய வினா மருந்துக்கு வழிகாட்டும். பின்னைய வினா பழிக்கு வழிகாட்டும். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையைக் காணவேண்டுமாயின், கருவுற்ற ஐந்தாம் திங்களிலோ ஆறாம் திங்களிலோ, பெரிய நோவு ஒன்றும் இல்லாமலே தன் மகவை இழந்துவிட்ட ஒரு தாயின் இல்லத்திற்குச் சென்று காண்க. ஆண்டு அழுகை ஓயுமுன்னரே விசாரணை தொடங்கிவிடும். உயரத்தில் ஏறினாளா? பப்பாளி தின்றாளா? அந்திப்பொழுதில் தனியே புறம் போனாளா? கணவன் சொற் கேளாது சுமை தூக்கினாளா? வினவுவோர் எல்லாரும் அவள்மாட்டு அன்புடையோரே. எனினும் அவர்தம் வினாக்கள் அனைத்தும் அவளையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவன. இவ்வழக்கம் மாறவேண்டும் என்பதும், அதன் இடத்தே பயனுள்ள வேறு சில வினாக்கள் எழவேண்டும் என்பதுமே யாம் ஈண்டு வற்புறுத்த எண்ணியவை.

தமிழ் பயிலும் மாணவர் மருத்துவம் பேசப் புகுவது தகுமோ என்று சிலர் ஐயுறலாம். நோய்க்கு மருந்து கூறுவது மருத்துவர் தொழில். அதனை யாம் மேற்கொள்ளவில்லை. ஆனால், நோய்க்கு ஊரார் இடும் பெயரும், அப்பெயரின் வழியாகப் பிறக்கும் எண்ணமும், அவ்வெண்ணத்தின் வழியாக ஒரு பெண் படும் பாடும் மொழியைச் சார்ந்தவை. ஆதலின் மொழி பயில்வார்க்கும் இதிற் பங்குண்டு.

வானூர் வட்டத்து இடையஞ்சாவடி முதலாக வடக்கே மரக்காணத்து உப்பளங்கள் வரையிலும் உள்ள நாட்டுப்புறத்தை எண்ணிப் பார்ப்போம். ஒருபுறம் செம்மண் மேடும் முந்திரித் தோப்பும் சவுக்குத் தோப்பும். மற்றொருபுறம் கழியும் உவர்நிலமும். அவ்வுவர்நிலத்திற் பாத்தி கட்டி, நீர் பாய்ச்சி, வெயிலிற் காயவைத்து உப்பெடுக்கும் தொழிலில் மகளிர் பலர் ஈடுபட்டுள்ளனர். உப்பளத்து வேலை அறிந்தார்க்கு ஒன்று தெரியும். பாத்தியில் நீர் நிற்பது வரப்பினால் மட்டும் அன்று, மடையினாலும் நிற்கின்றது. வரப்பு எத்துணை உயர்ந்ததாயினும், மடைவாயில் அடைத்த மண் நெகிழ்ந்துவிடின், ஓசையின்றி இரவோடிரவாக நீர் வடிந்துபோம். காலையில் வந்து காண்பவன், பாத்தியையும் குறை கூறான். நீரையும் குறை கூறான். மடையைச் சென்று பார்ப்பான்.

கருப்பையின் அடிப்பகுதியில் அமைந்துள்ள வாயும் இத்தகைய ஒரு மடையே. மருத்துவர் அதனைக் கருப்பைக் கழுத்து என்றும் வழங்குவர். ஏறத்தாழ 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளமுடைய அவ்வுறுப்பு, பெரும்பாலும் கொலாஜன் என்னும் உறுதியான நாரினால் ஆயது. கருப்பையின் மேற்பகுதி விரிந்து விரிந்து மகவுக்கு இடங்கொடுக்கும் திங்கள்களில், இக்கழுத்துப் பகுதியோ இறுக மூடி நின்று காத்தல் வேண்டும். பேறுகாலம் அணுகும்போதே அது மென்மையுற்றுச் சுருங்கித் திறத்தல் இயற்கை. சிலருக்கு, அவ்வியற்கை காலம் முதிருமுன்னரே நிகழ்ந்துவிடுகின்றது. உள்வாய் முதலில் நெகிழும், கழுத்து நீளங் குறையும், பனிக்குடம் கீழிறங்கும், பின்னர் நிகழ்வது நாம் அறிந்ததே. நோவில்லை, அல்லது மிகச் சிறிதே உண்டு. அடிவயிற்றில் ஒரு கனம், இடுப்பில் இலேசான வலி, வெள்ளைப்பாட்டில் ஒரு மாறுதல்: இவ்வளவே அறிகுறி, பலருக்கு இவையும் இல்லை. இதுவே கருப்பைவாய்த் தளர்ச்சி.

இது முதல் மூன்று திங்களில் நேரும் கருச்சிதைவினின்றும் வேறானது என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். தொடக்கத்தில் நேரும் சிதைவுகளில் ஏறத்தாழப் பாதி, கருவின் குரோமோசோம் குறைகளால் நேர்வன. அவற்றிற்கு வாயில் காரணமன்று. கருப்பைவாய்த் தளர்ச்சியோ நான்காம் திங்களுக்கும் ஆறாம் திங்களுக்கும் இடையே, பெரும்பாலும் நன்கு வளர்ந்துவந்த உயிருள்ள மகவையே பறிகொடுக்கச் செய்வது. நூறு கர்ப்பத்தில் ஒன்றுக்கு மேல் இது காணப்படுவதில்லை. எனினும் ஒருமுறை நேர்ந்தவர்க்கு மறுமுறையும் நேரக்கூடும் என்பதே இதன் கொடுமை. மறுமுறை நேராது காக்கவுங் கூடும் என்பதே இதில் உள்ள ஆறுதல்.

இனி, காரணங்களை நோக்குவோம். முதலாவது, பிறவியமைப்பு. சிலருக்குக் கருப்பை பிறவியிலேயே இரு கூறாகவோ, நடுவே தடுப்புடனோ அமைந்திருக்கும். வேறு சிலருக்கு உடல் முழுவதிலுமே கொலாஜன் நார் இளகியதாய் இருக்கும். ஏலர்ஸ்-டான்லோஸ், மார்பன் என்னும் பெயர்களால் அறியப்படும் பிறவிக்குறைகள் இவ்வகையின. இரண்டாவது, முன்னைய பேற்றில் நேர்ந்த ஊறு. நெடுநேரம் வருந்திப் பெற்றபோது வாய் கிழிந்திருக்கலாம். அல்லது வாய் முற்றும் திறந்தபின் அறுவையால் மகவை எடுக்க நேர்ந்திருக்கலாம். மூன்றாவது, கருப்பைவாயிற் செய்த அறுவை. புற்றுநோய்க்கு முந்திய நிலையிலுள்ள பகுதியைக் கூம்புபோல் வெட்டியெடுக்கும்போது, எடுத்த ஆழம் மிகுமளவுக்கு இடரும் மிகும். இதனைக் கேட்டுக் கருப்பைவாய்ப் புற்றுச் சோதனைக்கே அஞ்சுதல் கூடாது. அச்சோதனை உயிர்காப்பது, அறுவை நடந்திருப்பின் அச்செய்தியை அடுத்த கர்ப்பத்தில் மருத்துவரிடம் மறவாது கூறவேண்டும் என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது. நான்காவது, கருப்பையைத் துப்புரவு செய்தற்பொருட்டு வாயைக் கருவியால் வலிந்து பலமுறை விரித்தல். ஐந்தாவது, இரட்டை முதலிய பல கருவும், கருப்பையினுள் புகும் தொற்றும். தொற்றினால் வாய் திறந்ததோ, வாய் திறந்ததனால் தொற்றுப் புகுந்ததோ என்பதைப் பிரித்தறிவது மருத்துவர்க்கும் எளிதன்று.

அயல்நாட்டுச் செய்தி ஒன்றும் ஈண்டு நினைத்தற்குரியது. ஏறத்தாழ 1940 முதல் 1971 வரையில், கருக்காக்கும் மருந்தென்று நம்பி, டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் மருந்தை அமெரிக்க மருத்துவர் கர்ப்பிணிகள் பலருக்குக் கொடுத்தனர். அம்மருந்து கருவைக் காக்கவில்லை. அன்றியும், வயிற்றிலிருந்த பெண்மகவுகளின் கருப்பைவாயைக் கெடுத்தது. அவர்கள் வளர்ந்து தாயாகும் காலத்து அத்தளர்ச்சி வெளிப்பட்டது. தான் பிறக்குமுன் பிறர் கொடுத்த மருந்தினால் வந்த குறைக்கு அம்மகள் எங்ஙனம் பொறுப்பாவாள்?

இவை யாவற்றையும் கூட்டிப் பார்ப்பின் தோன்றும் உண்மை ஒன்றே. இக்காரணங்களுள் எதுவும் அப்பெண் அன்று செய்த செயலன்று. பிறவி அவள் தேர்ந்ததன்று. முன்னைய பேற்றின் கிழிவு அவள் வேண்டிப் பெற்றதன்று. அறுவை பிறர் கையால் ஆயது. இவற்றுள் ஒன்றேனும் இல்லாத மகளிர்க்கும் இந்நிலை வருதலுண்டு. பப்பாளியும் எள்ளும் அன்னாசியும், ஏணியும் திருஷ்டியும் இப்பட்டியலில் இல்லை.

அற்றேல், சுமை தூக்குதலும் வெயிலில் உழைத்தலும் தீங்கற்றவையோ எனின், அதற்கு விடை நிதானமாகக் கூறற்பாலது. சுமை தூக்கியதனால் கருப்பைவாய் தளர்ந்தது என்று நிறுவப்படவில்லை. ஆனால், கடும் வெப்பம் கர்ப்பிணிக்கு வேறு வகையில் தீங்கு செய்கின்றது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர் 2017-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 800 பேரை ஆராய்ந்து, வெப்பமிக்க இடங்களில் உழைப்போர்க்குக் கருச்சிதைவு நேரும் இடர் ஏறத்தாழ இருமடங்கு எனக் கண்டனர். ஆகவே உப்பளத்து மகளிர்க்கு நிழலும் நீரும் ஓய்வும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வோய்வைக் கொடுக்கவேண்டியவர் வேலை வாங்குவோரும் அரசும் ஆவர். கூலி இழந்தால் உலை கொதியாது என்னும் நிலையிலுள்ளவளை நோக்கி, ‘நீ ஏன் உழைத்தாய்?’ என்று வினவுதல், பசித்தவனை நோக்கி, ‘நீ ஏன் மெலிந்தாய்?’ என்று வினவுதல் போலும். கருவிழந்த பெண் தொழிலாளிக்குக் கூலியுடன் ஆறு வார விடுப்பு அளிக்கவேண்டுமென 1961-ஆம் ஆண்டிலேயே இந்திய நாட்டில் மகப்பேற்று நலச் சட்டம் வகுத்தது. ஆயினும், நாட்கூலிக்கு உப்புச் சுமக்கும் மகளுக்கு அச்சட்டத்தின் நிழல் எட்டுதல் அரிது.

கருத்தங்கிய நாள்முதல் பாயை விட்டு எழாது கிடக்கவேண்டும் என்று விதிப்பதும் பயன்தராது. படுக்கையிற் கிடத்துதலால் இத்தளர்ச்சி நீங்கும் என்பதற்குச் சான்று இல்லை. நெடுநாட் கிடப்பதால் தசை மெலிதலும் குருதி உறைதலும் நேரலாம் என்பதற்கோ சான்று உண்டு.

பயன் தருவது யாது? அதன் வரலாறு நம் நாட்டினது என்பதை நம்மவருட் பலர் அறியார். கோவாவிற் பிறந்து பம்பாயில் மருத்துவம் செய்துவந்த டாக்டர் விட்டல் நாகேஷ் ஷிரோட்கர், நடுத்திங்களில் மீண்டும் மீண்டும் மகவிழக்கும் மகளிரைக் கூர்ந்து நோக்கி, குறை மடைவாயில் உள்ளது என்று துணிந்தார். நோயுற்றவளின் தொடையினின்றே ஒரு நாரிழையை எடுத்து, கருப்பைவாயைச் சுற்றி உள்ளே பொதிந்து கட்டினார். இம்முறையை அவர் 1955-இல் வெளியிட்டது இலண்டனிலன்று, டாக்டர் யு. ராமராவ் 1904-இல் சென்னையில் தொடங்கிய ‘ஆன்டிசெப்டிக்’ என்னும் மருத்துவ மாத இதழில். இரண்டாண்டு கழித்து, 1957-இல், ஆஸ்திரேலிய நாட்டு மெல்போர்னைச் சேர்ந்த இயன் மக்டொனால்டு என்பவர் அதனினும் எளிய தையல் ஒன்றை வகுத்தார். வாயைச் சுற்றிக் குத்தி இழுத்து முடியும் அத்தையல், நம் பாட்டிமார் இடுப்பிற் செருகும் சுருக்குப்பை போன்றது. இவ்விருவர் முறைகளே இன்றளவும் உலகெங்கும் வழங்குகின்றன. சென்னையில் அச்சேறிய ஒரு கட்டுரை உலகத்து மகளிர்க்கெல்லாம் உதவிய பின்னும், அச்சென்னைக்கு அணிமையிலுள்ள சிற்றூர்களில் ‘கண்ணேறு’ என்னும் விளக்கமே நின்று நிலவுவது நாணத்தக்கதன்றோ?

எனினும் தையல் எல்லார்க்கும் உரியதென்று கொள்ளுதல் பிழை. 1993-இல் பல நாடுகளில் 1,292 மகளிரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. 33 வாரத்திற்கு முன் பேறு நேர்ந்தவர் தையல் இட்டோருள் 13 விழுக்காடு. இடாதோருள் 17 விழுக்காடு. அஃதாவது ஏறத்தாழ 25 பேருக்குத் தையலிட்டால் ஒருவர்க்கே நன்மை விளைந்தது. ஆகவே யாவர்க்கு வேண்டும் எனத் தெரிதல் முதன்மையாகின்றது. முன்னர்ப் பலமுறை இங்ஙனம் இழந்தவர்க்கு 12 முதல் 14 வாரத்திற்குள் தையலிடுவர். ஒருமுறை இழந்தவரை, 16 முதல் 24 வாரம் வரையில் உட்புற ஸ்கேன் கொண்டு அடுத்தடுத்து அளந்து, கழுத்து 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தையலிடுவர். முன்னிழப்பு இல்லாதவர்க்கு அளவு குறைந்து காணப்பட்டால், புரொஜெஸ்டிரோன் என்னும் மருந்தை உள்ளே வைப்பது பயன் தரும். இட்ட தையலை 36, 37 வாரத்திற் பிரித்தல் வேண்டும். அதற்கு முன்னரே நோவு கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். இல்லையேல் தையலே வாயைக் கிழித்துவிடும். தையல் இட்டாயிற்று, இனி அச்சமில்லை என்று வீட்டில் இருந்துவிடுதல் பேராபத்து.

இனிப் பெயரைப் பற்றி ஒன்று. ஆங்கில மருத்துவர் இந்நிலைக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர், ‘தகுதியற்ற வாய்’ என்று பொருள்படுவது. பன்முறை இழத்தலை அவர் ‘பழக்கச் சிதைவு’ என்றனர். கட்குடிப்பதும் புகைப்பதும் பழக்கமாவதுபோல மகவிழப்பதும் ஒருத்தியின் பழக்கமாயிற்றுப் போலும்! இந்நாளில் அவர்களே அச்சொற்களின் கொடுமையை உணர்ந்து, ‘போதாமை’ எனவும், ‘மீள்சிதைவு’ எனவும் பொருள்படும் சொற்களை மேற்கொண்டு வருகின்றனர். நம் நாட்டுப்புறத்தார் ‘காய் விழுந்தது’ என்பர். அச்சொல்லில் எத்துணை இரக்கம் பொதிந்துள்ளது! காய் விழுந்தால் காற்றை நினைப்போம், காம்பை நினைப்போம். மரத்தை யாரும் வைவதில்லை. சொல்லில் இருக்கும் அவ்விரக்கம் செயலில் இல்லாது போனது ஏன்? கருவிழந்த மருமகளைச் சீமந்தத்திற்கும் மஞ்சள் நீராட்டுக்கும் அழையாது விடுகின்றோம். அழைத்தாலும் முன்வரிசையில் நிறுத்துவதில்லை. மருத்துவர் தம் சொல்லைத் திருத்திக்கொண்டனர். நாம் நம் நடையைத் திருத்திக்கொள்ள வேண்டாவா?

இக்கரைக்கு அணித்தேயுள்ள திண்டிவனத்தில், 1890-க்குப் பிந்திய சில ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது ஒன்று வரலாற்றில் நிலைத்துள்ளது. ஒரே இரவில் மூவர், ஒருவர்பின் ஒருவராக, அமெரிக்க மிஷன் இல்லத்துக் கதவைத் தட்டித் தத்தம் மனைவியர் பேறுகால வேதனைக்கு உதவி வேண்டினர். ஆண் மருத்துவரை உள்ளே விட அவர்கள் இசையவில்லை. அவ்வில்லத்து மகளாகிய ஐடா ஸ்கடரோ அப்போது மருத்துவம் கற்றவரல்லர். விடியுமுன் மூன்று தாய்மாரும் மாண்டனர். அவ்விரவே அவரை மருத்துவம் கற்கச் செய்தது. 1902-இல் வேலூரில் மருத்துவமனையும், 1918-இல் மகளிர்க்கு மருத்துவப் பள்ளியும் எழுந்தன. அம்மூவர் மாண்டது இத்தளர்ச்சியினாலன்று. ஆயினும் அந்நிகழ்ச்சி நமக்கு ஒன்று கூறுகின்றது. அன்று உதவி செய்யும் கை இல்லாமையால் உயிர்கள் போயின. இன்று கையுண்டு, இடையஞ்சாவடிக்கு அணிமையிலேயே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை உண்டு, ஊர்தோறும் வரும் கிராம சுகாதாரச் செவிலியர் உண்டு, 2008 முதல் 108 வண்டியும் உண்டு. இல்லாதது, நடந்ததை நடந்தவாறு கூறும் சொல்லே. பழிக்கு அஞ்சிய பெண், முன்னைய இழப்பை மறைக்கின்றாள். மறைத்த இழப்பை மருத்துவர் அறியார். அறியாத மருத்துவர் அளந்து பாரார். அளவாத மடை மீண்டும் நெகிழ்கின்றது. பழி என்பது வெறும் மனவருத்தம் அன்று. அஃது அடுத்த மகவின் உயிரையும் வாங்குவது.

ஆகவே யாம் வேண்டுவன மூன்று. ஒன்று, கர்ப்பத்தை 12 வாரத்திற்குள் பதிவு செய்யும்போதே, ‘முன்னர் இழந்ததுண்டா?’ என்பதோடு நில்லாது, எத்தனையாந் திங்கள், நோவு முன்னர் வந்ததா, நீர்க்குடம் முன்னர் உடைந்ததா, மகவு உயிருடன் பிறந்ததா, கருப்பைவாயில் அறுவை உண்டா என்னும் வினாக்களைத் தனியிடத்தில், மாமியாரும் அண்டையயலாரும் கேளாவாறு, செவிலியர் வினவுதல் வேண்டும். இரண்டு, நடுத்திங்களில் இழந்தவர் எவராயினும், அடுத்த கர்ப்பத்தில் 12 வாரத்திற்குள்ளாகவே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுதல் வேண்டும். கூலி வேலை செய்வோர்க்கு அந்நாட்களின் கூலியும் வழிச்செலவும் கிடைத்தல் வேண்டும். மூன்று, கணவன்மார் உடன் செல்லுதல் வேண்டும். மருத்துவர் வாய்மொழியைக் கணவன் நேரிற் கேட்டானாயின், வீட்டில் எழும் பழிச்சொல்லுக்கு விடை கூறும் பொறுப்பு அவனுடையதாகும்.

நூற்றில் ஒருவர்க்கும் குறைவாக வரும் நிலையைப் பற்றி ஊரெல்லாம் பேசினால், மற்றத் தொண்ணூற்றொன்பதின்மர் வீணே அஞ்சுவரே என்று தடை கூறுவாரும் உளர். அச்சத்தை விளைப்பது அறிவன்று, அரைகுறையான அறிவே. அவர் பப்பாளிக்கும் ஏணிக்கும் அந்திப்பொழுதுக்கும் அஞ்சிக்கொண்டுதானே இருக்கின்றனர்? அஞ்சவேண்டுவது இன்னதென்று தெரிந்தால் அஞ்சவேண்டாதன பல அகலும். நாட்டுமரபுகளை இகழ்கின்றோம் என்று கூறுவாரும் உளர். கர்ப்பிணிக்கு ஓய்வும் நல்லுணவும் மனமகிழ்ச்சியும் வேண்டுமென்ற மரபை யாம் போற்றுகின்றோம். அம்மரபு அவளைக் காப்பதற்கு எழுந்தது. அவளைத் தண்டிப்பதற்கு அதனைக் கருவியாக்குவதையே மறுக்கின்றோம்.

கல்லூரியிற் பயிலும் நாமும் விடுமுறைக்கு ஊர் செல்கின்றோம். அண்ணியென்றும் அத்தையென்றும் சித்தியென்றும் நாம் அழைப்போருள் இத்துயருற்றார் சிலரேனும் இருப்பர். அவர் முன்னிலையில் பிறர் பழி கூறும்போது, பெரியோர் பேச்சில் நமக்கென்ன என்று வாளா இருத்தல் நம் கல்விக்கு அழகன்று. ‘மடையைப் பார்த்தீர்களா?’ என்று பணிவோடு ஒரு வினா வினவுவோமாக. உப்பளத்தார் தம் பாத்திக்குச் செய்யும் நீதியை நம் தாய்மார்க்கும் செய்யச் சொல்லுவோமாக.